யார் ஓட்டியது

மார்ச் 3

நண்டின் அம்மாவுக்கு,

போனை எடுக்க மாட்டாய், எழுதினால் மட்டும் படிப்பாய் என்று மகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி. நான் இதற்கு முன் நீளமாக எழுதியது டெப்போவின் பயிற்சிக் கையேடு ஒன்றைத்தான். அதைப் படித்தவர்கள் உருப்பட்டார்கள். இதைப் படித்து நீ உருப்படுவாய் என்ற நம்பிக்கை எனக்கில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நம் நண்டுக்கு நீ கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாயாம். அவள் போனில் சொன்னபோது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். "இல்லப்பா, நிஜமாத்தான். ஞாயித்துக்கிழமை காலையில குடோன் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்றாள். என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுடைய அப்பன் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். என்னிடம் திட்டு வாங்கிய கைகள்தான் இன்று இந்த ஊரில் பாதி வண்டிகளை ஓட்டுகின்றன. நீ பல் டாக்டர்களுக்குக் கட்டுப்பல் செய்து கொடுப்பவள். மெழுகிலும் மாவிலும் பல் செய்து அடுக்கு, அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டியரிங் பக்கம் வராதே. ஒரு மனிதனின் காலை உடைத்தவள் நீ. ஒன்பது வருடம் ஆகிவிட்டதால் அது நடக்காத காரியம் ஆகிவிடாது. அந்தத் தச்சர் இன்றைக்கும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். உன் கைப்பழக்கம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டால் யார் பொறுப்பு?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருப்பது தெரியும். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க வேண்டும், மே மாதத்துக்குள் லைசன்ஸ் வேண்டும் என்பதும் தெரியும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிடு. இல்லையென்றால் நான் லீவு போட்டு வரும்வரை அவள் காத்திருக்கட்டும். அதுவரை நீ சொல்லிக்கொடுத்த எதையும் அவள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா


மார்ச் 10

பயிற்சியாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதல்முறை படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம்முறை படித்தபோது ஆச்சரியம்தான் வந்தது.

'காலை உடைத்தவள் நீ' என்று எனக்கே எழுதியிருக்கிறீர்கள். ஊருக்குச் சொன்னீர்கள், கேட்டுக்கொண்டேன். கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்தால் "இவ ஸ்டியரிங்கப் புடிச்சா ரோட்டுல நிக்கிறவன் வீட்டுக்குச் சொல்லிட்டு வந்து நிக்கணும்" என்பீர்கள். நாலு பேரும் சிரிப்பார்கள். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். ஆனால் இந்தக் கடிதத்தை என்னைத் தவிர வேறு யாரும் படிக்கப் போவதில்லை. இதில் யாருக்காக நடிக்கிறீர்கள்?

அந்த வண்டியில் இருந்தது இரண்டே பேர். ஓட்டியது நீங்கள்.

மறந்துபோயிருந்தால் நினைவுபடுத்துகிறேன். இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தீர்கள். மதியம் இரண்டு மணி. சாவியை என்னிடம் கொடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். "நான் தூங்கிக்கிட்டே ஓட்டினாலும் உன்னைவிட நல்லா ஓட்டுவேன்" என்றீர்கள். சொன்னபடியே தூங்கினீர்கள். வண்டி நடைபாதையில் ஏறியது. அங்கே அந்தத் தச்சர் பலகைகளைத் தள்ளுவண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் எல்லாம் அவரிடம் ஓடியபோது நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ ஓட்டினதா சொல்லு. உன் லைசன்ஸ் போனா ஒண்ணும் ஆகாது. என்னோடது போனா நம்ம குடும்பமே போச்சு." நான் இறங்கி டிரைவர் பக்கம் வந்து நின்றேன். என் லைசன்ஸை இரண்டு வருடம் முடக்கினார்கள். அது திரும்பி வந்த நாளிலிருந்து ஏழு வருடமாகத் தினமும் நான்தான் இந்த வண்டியை ஓட்டுகிறேன். ஒரு கீறல் கிடையாது. நீங்கள் இங்கே இருந்த மூன்று வருடமும், இடமாற்றம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போன நாலு வருடமும், அது உங்கள் கண்ணில் பட்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் வேலைக்கூடமும் அவள் பள்ளிக்கூடமும் ஒரே தெருவில் இருந்தன. அவள் மழையிலும் என் வண்டியில் ஏறாமல் பஸ்ஸில்தான் போனாள். "ஃப்ரெண்ட்ஸோட போறேன்மா" என்பாள். நானும் அதை நம்புவதுபோல் இருந்தேன். போன ஞாயிறு மைதானத்தில் கிளட்சை மெதுவாக விடச் சொன்னேன். விடவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோது திரும்பிப் பார்த்து, "நீ சொல்றத நான் எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே பயந்துபோய்க் கேட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் இருபதாம் தேதி அவளுக்கு டெஸ்ட். அதற்குள் அவளிடம் நீங்களே சொல்லுங்கள். ஒரே ஒரு வாக்கியம். இருநூறு ஓட்டுநர்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த தொண்டைக்கு அது பெரிய வேலை இல்லை.

நண்டின் அம்மா


மார்ச் 17

நண்டின் அம்மாவுக்கு,

பழைய குப்பையைக் கிளறுவதில் உனக்கு என்ன சுகமோ தெரியவில்லை.

அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. உன்னை யாரும் கட்டிவைத்து அடிக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டது உன் கை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இந்த வேலையால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது, அவள் படித்தாள். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இப்போது வந்து நியாயம் பேசுகிறாய்.

இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? டெப்போவில் என்னைத் தலைமைப் பயிற்சியாளராகப் போட்டிருக்கிறார்கள். தூக்கம் வந்தால் வண்டியை ஓரம்கட்டு என்று வகுப்பின் முதல் நாளே சொல்கிறவன் நான். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீயாகப் போய்ச் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள். தன் குற்றத்தை மறைக்க அப்பா தலையில் போடுகிறாள் என்றுதான் நினைப்பாள்.

கிளட்ச் விஷயம் எனக்கு ஆச்சரியமாக இல்லை. உனக்கே அந்தப் பயம் இருந்தால் பிள்ளைக்கு எப்படிப் போகும்? இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை காலை வருகிறேன். இரண்டே நாளில் அவளை நேராக்கிக் காட்டுகிறேன். வண்டியில் பெட்ரோல் போட்டு, கண்ணாடிகளைத் துடைத்து வை. நீ கூட வர வேண்டாம்.

அவளுடைய அப்பா


மார்ச் 30

பயிற்சியாளர் அவர்களுக்கு,

இரண்டு நாள் என்று எழுதியிருந்தீர்கள். நாற்பது நிமிடத்தில் முடித்துக்கொண்டீர்கள். சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டதால் இங்கே நடந்தது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஒன்பதரை மணிக்கு நண்டு தனியாக நடந்து வந்தாள். வண்டி எங்கே என்று கேட்டேன். "மருந்துக்கடை முக்குல" என்றாள். அப்பா எங்கே என்று கேட்டேன். "தெரியல" என்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். குடித்து முடித்ததும் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

வீட்டு வாசலிலிருந்து மெயின் ரோடு போவதற்குள் அவளிடம் பதினொரு தடவை கத்தியிருக்கிறீர்கள். எண்ணியிருக்கிறாள். சிக்னலில் வண்டி அணைந்துபோனது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். "உங்க அம்மா உனக்குச் சொல்லிக்குடுத்த லட்சணம் இதுதானா" என்றீர்கள். மறுபடி கிளப்பி, மருந்துக்கடை முக்கில் சரியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தாள். உங்களுக்கு அது சரியாகப் படவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தீர்கள். வண்டி கடை வாசலில் இருந்த இரும்புக் குப்பைத்தொட்டியில் போய் இடித்தது. தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். தொட்டி இல்லையென்றால் என்று நான் எழுத மாட்டேன். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நடந்ததைத்தான் அவள் இரண்டு தடவை சொன்னாள். நீங்கள் இறங்கினீர்கள். ஓடிவந்த ஆட்களைப் பார்த்துக் கையைத் தூக்கி, "பொண்ணு ஓட்டினா. இப்பதான் கத்துக்கிறா. அவ அம்மா சொல்லிக்குடுத்தது, அதான் இப்படி" என்றீர்கள். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தீர்களாம். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"ஒரு செகண்ட் கூட யோசிக்கலம்மா. அவருக்கு அது அவ்வளவு சாதாரணமா வந்தது" என்றாள்.

அப்புறம் டம்ளரை மேசைமேல் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, அந்தத் தச்சர் விஷயத்துல யாரு ஓட்டினது?"

அந்தக் கேள்விக்காக ஒன்பது வருடம் காத்திருந்தவள் நான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "அப்பாகிட்ட கேளு" என்றேன். உங்களைக் காப்பாற்ற அல்ல. என் வாயால் வந்தால் அது என் பக்கத்து நியாயம் ஆகிவிடும். உங்கள் வாயால் வந்தால்தான் அது நடந்தது ஆகும்.

வண்டியைப் போய் நான் எடுத்து வந்தேன். முன்பக்க விளக்கு உடைந்திருக்கிறது. அந்தப் பெண்ணிடமும் கடைக்காரரிடமும் நண்டு மன்னிப்புக் கேட்டாள். அவள் செய்யாத தப்புக்கு அவள் கேட்டாள். எங்கள் வீட்டில் பெண்களுக்கு இது பழக்கமாகிவிடும்போல.

ஏப்ரல் இருபதுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

நண்டின் அம்மா


ஏப்ரல் 8

நண்டின் அம்மாவுக்கு,

நான் ஸ்டியரிங்கைத் தொட்டது ஆபத்தைத் தவிர்க்க. பயிற்சியில் இது வழக்கம். எங்கள் வண்டிகளில் பயிற்சியாளர் பக்கத்திலும் பிரேக் இருக்கும். உங்கள் வண்டியில் இல்லாததால்தான் அப்படி ஆனது. அவள் சொல்வது சின்னப் பிள்ளையின் பார்வை.

அவளுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. நீ தடுத்திருப்பாய் என்று நினைத்தேன். நாலாவது தடவை எடுத்து, "தச்சர் விஷயத்துல யாரு ஓட்டினதுன்னு சொல்றதா இருந்தா பேசுங்க" என்றாள். குரல் உன் குரல் மாதிரியே இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

உண்மையைச் சொல்லட்டுமா, இணைப்பு போகவில்லை. நான்தான் வைத்தேன்.

இத்துடன் அவளுக்கு ஒரு தாள் எழுதி மடித்து வைத்திருக்கிறேன். எழுதிக் கிழித்து எழுதியது. நீ படித்துப் பார். கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடு. வேண்டாம் என்று தோன்றினால் கிழித்துப் போட்டுவிடு. உன் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

அவளுடைய அப்பா


ஏப்ரல் 22

பயிற்சியாளர் அவர்களுக்கு,

உங்கள் தாளைப் படித்தேன். கொடுப்பதும் கிழிப்பதும் என் முடிவாம். அதாவது கொடுத்து அவள் மனம் உடைந்தாலும் என்னால்தான், கொடுக்காமல் அவளுக்குத் தெரியாமல் போனாலும் என்னால்தான். இந்த வித்தையில் உங்களை அடிக்க ஆளில்லை.

கொடுத்தேன். அவள் நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இதுல ஆளே இல்லையேம்மா."

எனக்கு முதலில் புரியவில்லை. விரல் வைத்துக் காட்டினாள். 'அன்று மிகுந்த களைப்பு இருந்தது. எதிர்பாராமல் கண் அசந்தது. வண்டி நடைபாதையில் ஏறியது. குடும்ப நலன் கருதி வேறு விதமாகச் சொல்ல நேர்ந்தது.' யாருக்குக் களைப்பு, யார் கண், யார் ஓட்டிய வண்டி, யார் சொன்னது, ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள், 'நான்' என்ற சொல் கடைசி வரியில் மட்டும் வருகிறது. 'நான் உன்னை எப்போதும் நேசிக்கிறேன்' என்று. சிரித்தாள். உங்கள் மகள் உங்களை நினைத்து அப்படிச் சிரித்ததை நான் பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அதற்குமேல் உங்களுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. நடந்ததை நானே சொன்னேன், முழுதாக. என் பங்கையும் மறைக்கவில்லை. பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான், அந்த மனிதர் முன்னால் போய் நின்று நான் ஓட்டினேன் என்று அழுததும் நான்தான் என்றேன். "அந்தத் தச்சர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப வா" என்றாள்.

அவர் பட்டறைக்குப் போனோம். மாதம் ஒரு தடவை நான் போவது வழக்கம், அதுவும் உங்களுக்குத் தெரியாது. ஏதாவது ஸ்டூல், அலமாரிக் கதவு என்று சாக்கு வைத்துக்கொண்டு போவேன். அவர் ஒரு ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். இழைப்புளியை நிறுத்தவில்லை. முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "தெரியும்மா" என்றார்.

"எனக்கு நேரா வந்த வண்டி. கண்ணாடி வழியா நல்லாப் பார்த்தேன். ஆம்பளை ஆளு, தலை தொங்கிப் போய் இருந்துச்சு."

அன்றே ஏன் சொல்லவில்லை என்று நண்டு கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில முழிச்சுப் பார்த்தா, இவங்க கால்மாட்டுல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தாங்க. ஓட்டினவன் வருவான்னு பார்த்தேன். வரல. வராதவனைப் பத்திப் பேசி என் வாயை எதுக்குக் கெடுத்துக்கணும்னு விட்டுட்டேன்."

பிறகு என்னைப் பார்த்து, "ஆனா நீங்க சொல்லியிருக்கணும். ஒன்பது வருஷமா எப்ப சொல்வீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார். உங்கள்மேல் எனக்கு இருக்கும் இளக்காரத்தில் ஒரு பங்கு எனக்கும் சேர வேண்டும் என்று அந்தப் பட்டறையில் நின்றபோது தெரிந்தது. அதையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

இருபதாம் தேதி டெஸ்டில் அவள் தேறவில்லை. ரிவர்ஸில் கம்பத்தைத் தொட்டுவிட்டாள். மறுபடி ஐந்து நாளில் போகிறாள். இப்போது நான் கிளட்சை விடு என்றால் விடுகிறாள்.

உங்களோடு இனி பேச வேண்டுமானால், நீங்கள் அந்தப் பட்டறைக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வர வேண்டுமாம். இது அவள் சொன்னது. நீங்கள் போக மாட்டீர்கள் என்பது என் கருத்து.

நண்டின் அம்மா


மே 6

நண்டின் அம்மாவுக்கு,

போனேன்.

வியாழக்கிழமை லீவு போட்டு பஸ்ஸில் வந்தேன். உங்கள் தெரு வழியாகத்தான் பஸ் போனது. இறங்கவில்லை. பட்டறைக்கு எதிரே டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்று தெரிந்தது. ஒரு கதவைத் தூக்கி நிறுத்தத் தனியாக முயன்றுகொண்டிருந்தார். "அந்தப் பக்கம் புடிங்க" என்றார். பிடித்தேன். அவர் கீல் அடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.

"நான்தான் ஓட்டினேன். நான்தான் தூங்கினேன். அவளைச் சொல்லச் சொன்னதும் நான்தான்" என்றேன்.

"சரி" என்றார். பிறகு, "நேராப் புடிங்க, கதவு சாயுது" என்றார்.

அவ்வளவுதான். ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். கதவு நின்றதும் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். போகலாமா என்று கேட்டேன். "நான் புடிச்சா வெச்சிருக்கேன்" என்றார். அவர் நடந்து போவதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். சாய்ந்து நடக்கிறார் என்று உனக்கு எழுதியதெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது.

திங்கட்கிழமை டெப்போவிலும் எழுதிக்கொடுத்துவிட்டேன். விசாரணை முடியும்வரை வகுப்பு எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது உதிரிபாக ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் படித்த பையன்கள் வந்து பிரேக் லைனிங் கேட்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. உன்னிடம் இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

நீ காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த ஜோக்கைச் சொன்னேன். இன்னொரு ஆளும் நம்பிவிட்டான் என்றால் எனக்கு ஒரு நிம்மதி வரும். இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவளைப் பார்க்கலாமா என்று கேட்டுச் சொல்.

நான்


மே 12

கடிதம் கிடைத்தது. அவளிடம் கொடுத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். மறுநாள் காலைதான் பதில் சொன்னாள்.

பட்டறைக்கு நீங்கள் போனதைத் தச்சர் முன்பே சொல்லிவிட்டார். "ஆளு வந்தாரு, கதவு புடிச்சாரு" என்றார். போக மாட்டீர்கள் என்று நான் எழுதியது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது வருடம் கழித்து ஒரு மதியம் சரியாக நடந்துகொண்டதற்கு மாலை போட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது டெஸ்டில் தேறிவிட்டாள். வேலைக்கும் போகிறாள். நேற்று ஒரு பெரியவர் ஊசியைப் பார்த்து மயங்கிவிட்டாராம், அவரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

ஞாயிறு பதினொரு மணிக்குப் பஸ் நிலையத்துக்கு உங்களைக் கூட்டிப்போக வருவாள், அவளே ஓட்டிக்கொண்டு. அவள் நிபந்தனைகளை எழுதச் சொன்னாள். பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். பெல்ட் போட வேண்டும். வண்டி நிற்கும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கண்ணாடியைப் பார் என்றுகூட. பேசினால் அங்கேயே இறக்கிவிடுவாள். செய்வாள்.

எனக்கு நிபந்தனை எதுவும் இல்லை. நான் வரவும் மாட்டேன்.

நன்றாக ஓட்டுகிறாள். பயப்படாமல் உட்காருங்கள். சொல்லிக்கொடுத்தது நான்.